தாமாக விழுந்தவர்கள்

துடியலூர்,
3 மார்ச் 2025

மாஸ்டர் ஹுமேரா அவர்களுக்கு,

நீங்கள் எனக்குச் செய்தது தவறு. ஜூடோ தேர்வில் நான் யாரையும் எறியவில்லை. எறிந்ததாகச் சொல்லி, இருபது பேர் கைதட்ட, என் இடுப்பில் மஞ்சள் பெல்ட்டைக் கட்டிவிட்டீர்கள். அந்த பெல்ட்டை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்கம்மா" என்று சிரிப்பீர்கள். எனக்கும் பாதியில் கோபம் இறங்கிவிடும். அது இறங்க வேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 23 தேர்வை யாரோ வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டிருந்தார்கள். என் போனில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. மிக்ஸி மோட்டாரில் எந்த இடத்தில் பொறி பறக்கிறது என்று கண்டுபிடிக்க அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதே மாதிரி என்னையும், தேர்வில் என் எதிரில் நின்ற ரித்திகாவையும் நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தேன்.

ஓ-கோஷி என்ற இடுப்பு எறி எப்படி என்று என் நோட்டில் நீங்கள் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன். எதிரில் நிற்பவளை முதலில் முன்பக்கம் இழுத்து நிலைகுலைக்க வேண்டும். அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, முழங்காலை மடக்கி, என் இடுப்பை அவள் இடுப்புக்குக் கீழே செருக வேண்டும். பிறகு அவள் சட்டைக் கையை இழுத்தபடி முழங்காலை நிமிர்த்தினால் அவள் என் முதுகின் மேல் உருண்டு முன்னால் போய் விழுவாள். வீடியோவில் என்ன நடக்கிறது? என் இடுப்புக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருக்கிறது. அப்போதே அவள் இரண்டு குதிகாலும் தரையை விட்டுவிட்டன. நான் சுமக்கவே இல்லை, அவளே தாண்டிக் குதித்துப் போனாள். காலை வாரும் ஓ-சோட்டோ-காரியிலும் இதே கதைதான். அவள் காலுக்குப் பின்னால் என் கால் போய்ச் சேர்வதற்குள் மல்லாந்துவிட்டாள்.

காலை வாரும் எறியில் எனக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும். எட்டு மாதத்தில் ஒருத்திகூட என் காலை வாரியதில்லை. அவர்கள் பாதம் என்மேல் பட்டதும் குனிந்து என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். "கால் பட்ருச்சுங்கம்மா, மன்னிச்சுக்கோங்க." படத்தானே அம்மணி இங்கே வந்திருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

நான் யாரிடமும் தொழில் கற்றவள் இல்லை. இருபத்தாறு வயதில், எரிந்துபோன கிரைண்டர் மோட்டார் ஒன்றைப் பிரித்து, கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணி எழுதி, வைண்டிங் கற்றுக்கொண்டேன். நான் சுற்றிய முதல் மோட்டார் மேஜைமேல் அருமையாக ஓடியது. வாங்கிப் போனவர் வீட்டில் உளுந்தைப் போட்டதும் நின்றுவிட்டது. லோடு இல்லாவிட்டால் எந்த மோட்டாரும் ஓடும். அன்றிலிருந்து ஒரு படி உளுந்து ஆட்டிப் பார்க்காமல் எதையும் கடையை விட்டு அனுப்பியதில்லை. நீங்கள் என்னை லோடு இல்லாமல் ஓட்டிக் காட்டிவிட்டீர்கள்.

பெல்ட்டுக்காக நான் உங்களிடம் வரவில்லை. என் அக்கா ரங்கநாயகி அன்னூரில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் குளியலறைப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. இன்னமும் கட்டிலோடுதான் கிடக்கிறாள். விழாமல் இருக்க யாராலும் முடியாது, ஒழுங்காக விழவாவது தெரிந்துகொள்வோம் என்றுதான் ஜூலை மாதம் உங்கள் பெண்கள் வகுப்பில் சேர்ந்தேன்.

எறிந்தது பொய் என்றால் நான் விழுந்ததும் பொய்தானா? எனக்கு விழத் தெரியுமா, தெரியாதா? இந்த ஒன்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

சென்னியம்மாள்

---

உக்கடம்,
7 மார்ச் 2025

மதிப்பிற்குரிய சென்னியம்மாள் அம்மாவுக்கு,

கடிதமும் பெல்ட்டும் வந்தன. பெல்ட்டை நீங்கள் நான்காக மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்த விதத்திலேயே கோபம் புரிந்தது.

நீங்கள் கண்டுபிடித்தது உண்மை. ரித்திகா முன்கூட்டியே குதித்துவிட்டாள். தேர்வில் என் கண்ணுக்கும் அது தெரிந்தது. நிறுத்தி, மறுபடி செய்யச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அப்படி மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றதைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இந்தப் பெண்களை ஏமாற்றுக்காரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உள்ளே வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துகொள்கிறோம். அதை யோசித்தா செய்கிறோம்? உடம்பு தானாக எழுகிறது. அந்த மாதிரிதான் இதுவும். நீங்கள் சட்டையைப் பிடித்து "வா கண்ணு" என்று இழுத்தால் அவர்கள் வந்துவிடுகிறார்கள். எதிர்த்து நிற்கும் பழக்கத்தை அவர்களுக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அது என் குறை.

நோன்பு மாதம் என்பதால் வகுப்பை நாலரை மணிக்கு மாற்றியிருக்கிறேன், ஆறு மணிக்கு முடிந்துவிடும். வாருங்கள். விழுவதைப் பற்றி நீங்கள் கேட்டதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஹுமேரா

---

துடியலூர்,
10 மார்ச் 2025

மாஸ்டர் ஹுமேரா அவர்களுக்கு,

எழுத்தில் பதில் கேட்டேன். நேரில் பேசலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததுமே எதையோ மறைக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. மறைத்தது என்னவென்று நேற்றுத் தெரிந்தது.

ரித்திகா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"ஏனுங்கம்மா, கிளாஸுக்கே வரதில்லீங்களா?"

"நான் தொடறதுக்கு முன்னாடியே நீ எதுக்கு கண்ணு விழுந்தே?"

"இல்லீங்கம்மா, நீங்க நல்லாத்தான் போட்டீங்க."

"மிக்ஸி வேணுமா, வேண்டாமா?"

"வேணுங்கம்மா. நாளைக்கு எங்கூட்டுக்கு விருந்தாளி வராங்க."

"அப்ப சொல்லு."

சொல்லிவிட்டாள். "உங்க பையந்தானுங்க வந்தாரு. எங்கம்மாவ யாரும் தூக்கிப் போடக் கூடாது, அவங்க போட்டா நீங்க விழுந்துருங்கன்னு சொல்லிப்போட்டுப் போனாரு. மாஸ்டரும் சரின்னுட்டாங்க. நாங்க என்னங்கம்மா பண்ணட்டும்?"

மிக்ஸியைச் சரிசெய்து கொடுத்து அனுப்பினேன். கார்பன் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். பிறகு சரவணம்பட்டிக்குப் போன் போட்டு மகன் கிருபாசங்கரைக் கேட்டேன்.

"உங்க நல்லதுக்குத்தானுங்கம்மா செஞ்சேன்."

"என் எலும்பு என்ன, உன் பேருக்குப் பட்டா போட்டதா?"

கம்ப்யூட்டர் கம்பெனியில் முப்பது பேருக்கு வேலை சொல்லுகிறவன், என்னிடம் மட்டும் போனில் மூச்சு விடுவான்.

அவனை விடுங்கள், அவன் பயந்தாங்கொள்ளி. அவன் அப்பா போனதிலிருந்தே அப்படித்தான். நீங்கள் மாஸ்டர். எட்டு மாதம் என்னைக் கைக்குழந்தையைப் போலப் பாயில் படுக்க வைத்து எடுத்திருக்கிறீர்கள். நானோ, அக்காவிடம் போய், "இனி எனக்கு பயமில்லை, விழக் கற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் கட்டிலில் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லதாப் போச்சு சென்னி" என்றாள். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்தவள் நான். இப்போது குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். ஜூலைக்கு முன்னால் அப்படித்தான் போவேன்.

வகுப்புக்கு வரமாட்டேன்.

சென்னியம்மாள்

---

உக்கடம்,
15 மார்ச் 2025

அம்மா,

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் உங்கள் மகன் வந்தார். முதல் ஆறு வாரம் விழும் பயிற்சி மட்டும் முடித்து, எறிதலை ஆரம்பிக்க இருந்த வாரம் அது. உங்கள் எலும்பு மெலிந்திருக்கிறது என்று சொல்லும் அடர்த்திச் சோதனைத் தாளைக் கையில் வைத்திருந்தார். கூடவே உங்கள் ஆதார் நகலும் இருந்தது.

நீங்கள் சேர்ந்த அன்று படிவத்தில் வயது 54 என்று எழுதினீர்கள். ஆதாரில் 63 இருந்தது. ஒன்பது வருடம்! எழுத்தில் பதில் கேட்கிறவர் எழுத்தில் என்னிடம் சொன்ன முதல் விஷயமே பொய். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை உங்களிடம் கேட்க எனக்கு ஏழு மாதமாகத் துணிவு வரவில்லை. அதனால் நாம் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் ஒன்றை மறைத்துக்கொண்டுதான் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் நாற்பது வயது மாணவி ஒருவரை நான் எறிந்தபோது அவர் கழுத்துப்பட்டை எலும்பு உடைந்தது. என் எறியில் தவறில்லை, அவர் கையை ஊன்றிவிட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டது நான். உங்கள் மகன் அந்தத் தாளை நீட்டியபோது எனக்கு அதுதான் காதில் கேட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எறிதல் பொய். விழுதல் பொய் இல்லை.

முதல் ஆறு வாரம் உட்கார்ந்து விழுந்தீர்கள், பிறகு குந்தி, பிறகு நின்று. தாடையை நெஞ்சோடு ஒட்டு, கையை ஊன்றாதே, முழங்கை முதல் உள்ளங்கை வரை தரையில் அறை. இதில் உங்களுக்கு நான் ஒரு சலுகையும் தரவில்லை. உங்களிடம் எனக்கு இருந்த ஒரே சண்டை, எதையும் நீங்கள் விடமாட்டீர்கள் என்பதுதான். விழும்போது என் சட்டையைப் பிடித்துத் தொங்குவீர்கள். "விடுங்கம்மா, விட்டாத்தான் கை தரைக்கு வரும்" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்!

இன்னொன்று. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, வகுப்பு முடிந்து பாயின் ஓரத்தில் நின்று கார்த்திகை தீபத்துக்கு எத்தனை விளக்கு வாங்கினீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அப்போது நான் குறுக்கே நடந்து உங்கள் காலில் தட்டிவிட்டேன். நீங்கள் விழுந்தீர்கள். "ஏனுங்க மாஸ்டர், கண்ணு தெரியலீங்களா?" என்று திட்டினீர்கள். தெரியாமல் பட்டுவிட்டது என்றேன்.

தெரிந்துதான் செய்தேன். உங்கள் எடை முன்காலுக்கு மாறுகிற நேரம் பார்த்து வாரினேன். டெ-ஆஷி-பராய் என்ற கால் வாரல், முழு வேகத்தில். உங்கள் மகனுக்குக் கொடுத்த வாக்கை அன்று மீறினேன். உங்களுக்கு விழத் தெரிகிறதா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. பாய் அதிர்ந்த சத்தம் வாசல் வரை கேட்டது. நீங்கள் எழுந்து திட்ட ஆரம்பிக்க நான்கு நொடிகூட ஆகவில்லை. அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஹுமேரா

---

உக்கடம்,
1 ஏப்ரல் 2025

அம்மா,

இரண்டு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்றுப் பெருநாள். ரித்திகாவிடம் உங்களுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினேன். கடை பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தாள். பக்கத்து டீக்கடைக்காரர், நீங்கள் சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டதாகவும் மகன் வந்து காரில் கூட்டிப்போனதாகவும் சொன்னாராம்.

உங்கள் போன் அணைந்திருக்கிறது. உங்கள் மகன் எண் என்னிடம் இல்லை. இந்தக் கடிதத்தைக் கடைக் கதவு இடுக்கில் போடச் சொல்லி ரித்திகாவிடம் தருகிறேன்.

திட்டியாவது எழுதுங்கள். தலையில் அடியா? இடுப்பிலா? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

ஹுமேரா

---

சரவணம்பட்டி,
4 ஏப்ரல் 2025

மாஸ்டர் ஹுமேரா அவர்களுக்கு,

தலையிலும் இல்லை, இடுப்பிலும் இல்லை. இடது உள்ளங்கை கன்றிப்போயிருக்கிறது. முழங்கையில் சிராய்ப்பு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், எலும்பு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. போனுக்குத்தான் பலத்த அடி, அதனால்தான் கிடைக்கவில்லை. உங்கள் கடிதத்தை கிருபாசங்கர் இன்று காலை கடைக்குப் போய் எடுத்து வந்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். எரிந்த தாமிரக் கம்பி நாலு கிலோ சேர்ந்திருந்தது. அதைப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு வரலாம் என்று உக்கடம் போனேன். ஸ்டாண்டில் இறங்கும்போது ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலும் இருந்தது. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். படியில் இருந்த காலை வண்டியே வாரிக்கொண்டு போனது. கையில் பை. அறுபத்து மூன்று வருடத்தில் கையில் பிடித்ததை நான் விட்டதில்லை, அது உங்களுக்கே தெரியும். அன்று பையை விட்டுவிட்டேன். நான் யோசித்து விடவில்லை. உங்கள் சத்தம் காதில் கேட்டது. "விடுங்கம்மா!"

தாடை நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. கை போய்த் தரையில் அறைந்தது. அந்தச் சத்தத்தில் கண்டக்டர் பின்பக்க டயரைக் குனிந்து பார்த்தார்.

"டயரு போச்சுங்களா?"

"டயர் இல்லீங்க, நான்."

அதற்குள் கூட்டம். சோடா வாங்குங்க, ஆட்டோ கூப்பிடுங்க, தூக்குங்க. "தள்ளி நில்லுங்க, நானே எந்திரிச்சுக்கறேன்" என்றேன். ஒரு நொடி அப்படியே படுத்திருந்து பார்த்தேன். வானம் தெரிந்தது. பின்னந்தலைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு எழுந்தேன்.

கண்டக்டர் என் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஏனுங்கம்மா, இதெல்லாம் பழக்கமுங்களா?" என்றார்.

"எட்டு மாசமா விழறேனுங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிவு வந்தபோது கிருபாசங்கர் நாற்காலியில் உட்கார்ந்து விட்ட மூச்சு வராந்தா முழுவதும் கேட்டிருக்கும். டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். கட்டிலில் படுத்துச் செய்து காட்டினேன். நர்ஸ் இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். அன்று மாலையே மகன் போனில் அக்காவிடம் பேசினேன். "விழுந்துட்டேன் அக்கா, ஒண்ணும் ஆகலை" என்றதும் எங்கே, எப்படி என்று துருவிக் கேட்டாள். அப்புறம் சிரித்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்துக் கேட்கிறேன். நேற்றிலிருந்து குளியலறைச் சுவரைப் பிடிப்பதில்லை.

நவம்பரில் என் காலைத் தெரிந்தேதான் வாரினேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்தபோது நம்பவில்லை, தப்பித்துக்கொள்ள எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் பதில் போடவில்லை. சனிக்கிழமை பஸ் வாரியபோது, இதே மாதிரி முன்பு ஒருமுறை விழுந்திருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. லோடு போட்டுப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எறிந்த விஷயத்தில் என் கோபம் அப்படியே இருக்கிறது. நான் இன்னும் யாரையும் எறியவில்லை.

டாக்டர் கைக்கு ஒரு மாதம் ஓய்வு என்றார். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். ஒரு வாரத்துக்கு இறங்கி வந்தார், எறியப்படுவது மட்டும் மே மாதத்திலிருந்து என்று சொல்லி. அதனால் எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை வருகிறேன். அன்று முதல் நடக்க வேண்டியவை:

ரித்திகா: நான் ஓ-கோஷிக்கு இடுப்பைச் செருகும்போது கிரைண்டர் கல் மாதிரி நிற்க வேண்டும். நான் தூக்காமல் குதிகால் தரையை விடக் கூடாது. ஆறு மாதமானாலும் சரி, ஆறு வருடமானாலும் சரி. குதித்தால் அவள் வீட்டு மிக்ஸியை இனி தொடமாட்டேன். எனக்கு வந்த பிரியாணியை அவள்தான் தின்றிருப்பாள், அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

வகுப்பில் எல்லாப் பெண்களும்: கால் பட்டதற்குத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை, வகுப்பு முடிந்தபின் மொத்தமாக ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். நடுவில் கூடாது.

கிருபாசங்கர்: வாரம் ஒருநாள் வந்து ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளலாம். வாயைத் திறக்கக் கூடாது. சம்மதித்துவிட்டான். இந்தத் தாளின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறான், பாருங்கள்.

மாஸ்டர்: மே முதல் வாரத்திலிருந்து, வகுப்புக்கு ஒரு தடவை, முன்கூட்டிச் சொல்லாமல் என்னை எறிய வேண்டும். தடித்த பாய் போட்டுக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. மஞ்சள் பெல்ட்டை நான் கேட்கும்வரை உங்கள் பீரோவில் வைத்திருக்க வேண்டும்.

நான்: பாயில் கால் வைப்பதற்கு முன், ஜூலையில் எழுதிக் கொடுத்த படிவத்தை உங்களிடம் கேட்டு வாங்க வேண்டும். 54-ஐ அடித்துவிட்டு 63 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.